ஆறு மணி மாத்திரை

ஜூன் 12, திங்கள்

இன்று மதியம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. காய்ச்சல், சுகர், புண்ணின் நிலை எல்லாவற்றையும் தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் கனகசபாபதி. இதற்கென்று நோட்டு வாங்கவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி கடை மேசைக்குள் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் விசைப்படகுகளைச் சரிபண்ணிக் கொடுக்கும் அவசரத்தில், மே மாதக் கடைசியில் கியர்பாக்ஸ் மூடி ஒன்று அவருடைய வலது காலில் விழுந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பத்து நாள் வேலை செய்திருக்கிறார். எட்டு வருடமாகச் சுகர் உள்ள ஆள். இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் கறுத்துச் சீழ் வைத்து, எலும்பைத் தொட்டுவிட்டது. நாற்றம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் முன்னறையில் படுக்கிறார், நான் உள்ளறையில்.

புண்ணைச் சுத்தம் செய்து, சீழை எடுத்துப் பரிசோதித்து, எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று பார்த்துத்தான் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. ஆறு வாரம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அது தவிர வலி மாத்திரை, சுகர் மாத்திரை.

நான் பார்மசிஸ்ட். பத்தொன்பது வருடமாக ஒரே மெடிக்கலில் இருக்கிறேன். மாத்திரை கொடுப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறு வாரம் என்றால் ஜூலை 24. வீரபாண்டியன்பட்டினத்தில் இருக்கும் அக்காவிடம், ஆகஸ்டில் வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். ஜூன் முதல் வாரமே போயிருக்க வேண்டியது. பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது.

ஜூன் 14, புதன்

காய்ச்சல் 99.4. சுகர் வெறும் வயிற்றில் 168.

காலை மாத்திரை போட்டதும் வயிறு தீயாக எரிகிறது என்றார். நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். மதியம் சாப்பிட வந்தபோது கடையிலிருந்து ரோஸ் நிற ஜெல் மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து அவர் தலைமாட்டு ஸ்டூலில் வைத்தேன். எரிந்தால் இரண்டு மூடி குடியுங்கள் என்றேன். என்னவோ கேட்டார். பஸ் வந்துவிட்டது.

ஜூன் 15, வியாழன்

தடைக்காலம் முடிந்து இன்று காலை முதல் படகுகள் போயின. அறுபது நாள் கழித்துப் போகும் படகுகள். அவர் கைபடாத இன்ஜின் அதில் பாதிகூட இருக்காது. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு டிரைவராகப் போன் பண்ணி, சத்தம் எப்படி இருக்கிறது, புகை எப்படி வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு டிரைவரைப் போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். வால்வைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். காலைக் கீழே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் சமையற்கட்டிலிருந்து சொன்னேன். உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுந்தார்.

என் வீட்டில் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஜாஸ்லினும் அப்படித்தான். அவளுக்குப் பரீட்சை நடக்கிறது. அப்பாவுக்குக் காலில் சின்னக் காயம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, திங்கள்

கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். புண் ஈரமாகவே இருக்கிறது. துணியை எடுத்ததும் நாற்றம். முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் நானே சொன்னேன்.

காய்ச்சல் 99.8.

ஜூன் 22, வியாழன்

ஜெல் தீர்ந்துவிட்டது என்றார். இன்னொரு பாட்டில் கொண்டுவந்தேன். மாத்திரை போட்ட கையோடு இதைக் குடித்தால்தான் எரிச்சல் அடங்குகிறதாம். நல்லது என்றேன்.

கடையில் ஸ்டாக் எடுக்கும் நாள். கால் வீங்கிப்போய் வந்தேன். தோசைக்கு மாவு இல்லை. உப்புமா.

ஜூன் 25, ஞாயிறு

அக்கா கேட்டாள், அவர் இப்போதாவது பேசுகிறாரா என்று. பேசாமல் என்ன, பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். தண்ணீர் வேண்டுமா, சுகர் எவ்வளவு, கதவைச் சாத்தவா என்று எல்லாம் பேசுகிறோம்.

போன வருடம் ஏழு மாதம் மங்களூரில் வேலை என்று போயிருந்தார். அங்கேயும் படகு மெக்கானிக் வேலைதான். போன் வாரத்துக்கு ஒன்று வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று. பிப்ரவரியில் ஒரு நாள் பையோடு வந்து நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லியிருப்பார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

ஜூன் 26, திங்கள்

டாக்டரிடம் போனோம். புண்ணைப் பார்த்தார், அழுத்தினார், டைரியில் காய்ச்சல் கணக்கைப் பார்த்தார். முகம் சரியில்லை. ரத்தப் பரிசோதனையில் கிருமியின் வேகம் குறையவில்லை, கூடியிருக்கிறது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அவரைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நானே எண்ணி எடுத்துக் கொடுக்கேன் டாக்டர். ஒரு வேளை தவறல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் என் பக்கம் திரும்பி, நீ கோபப்படாதே என்று மெதுவாகச் சொன்னார். கோபப்படவில்லை என்றேன்.

ஜூன் 29, வியாழன்

காய்ச்சல் 100.2. இரண்டு தலையணை வைத்துக் காலைத் தூக்கி வைத்திருக்கிறேன். அவர் இரண்டையும் தள்ளிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

ஜூலை 3, திங்கள்

எக்ஸ்ரே. இரண்டாம் விரலின் எலும்பு அரித்துப்போய் ஓரம் தெரியவில்லை. அதன் பின்னால் பாதத்து எலும்பின் தலையிலும் ஒரு நிழல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். எனக்குப் படம் பார்க்கத் தெரியும். தெரியாதவள்போல நின்றேன்.

பரிசோதனையில் கேட்ட மருந்து உடம்புக்குள் கேட்கவில்லை, கிருமி மருந்துக்குப் பழகிவிட்டிருக்க வேண்டும் என்கிறார். மேலே ஏறுவதற்குள் விரல்களையும் முன்பாதத்தில் ஒரு பகுதியையும் எடுத்துவிடுவது நல்லதாம். வரும் திங்கள், பத்தாம் தேதி ஆபரேஷன்.

முன்பாதம் இல்லாமல் படகில் ஏற முடியுமா என்று அவர் கேட்டார். டாக்டர், பழகிக்கொள்ளலாம் என்றார். அலையில் ஆடுகிற பலகையில் எப்படி என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

மதியம் ஒரு பெண் சீட்டோடு வந்தாள். முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக். கூடவே வயிற்றெரிச்சலுக்கு ஒரு பாட்டில் ஜெல் கேட்டாள். இரண்டையும் கவரில் போட்டுக் கொடுக்கும்போது, ரெண்டையும் ஒண்ணாச் சாப்பிடலாமா என்று கேட்டாள்.

கூடாது, நடுவில் இடைவெளி விடணும், சேர்த்துக் குடித்தால் மாத்திரை வேலை செய்யாது என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

தலைவலி என்று கடை முதலாளி அண்ணாச்சியிடம் அரை நாள் லீவு கேட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

எழுதிவிடுவது நல்லது.

ரோஸ் ஜெல்லில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. அவர் சாப்பிடும் ஆன்டிபயாடிக் வயிற்றில் கரைந்ததும் இவை அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு அது குடலைத் தாண்டாது, ரத்தத்தில் சேராது. மலத்தோடு போய்விடும். மாத்திரைக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் ஜெல் குடிக்க வேண்டும். ஜெல் குடித்துவிட்டால் அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேரம் போக வேண்டும். கல்லூரியில் இரண்டாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கடையில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14 முதல் அவர் காலையும் மாலையும் மாத்திரையை விழுங்கி, அதே தம்ளரில் ஜெல்லைக் கலக்கிக் குடித்திருக்கிறார். இப்போது மூன்றாவது பாட்டில், கால்வாசி மிச்சம். மூன்றையும் கொண்டுவந்தது நான். கிருமி எந்த மருந்துக்கும் பழகவில்லை. மருந்தே உள்ளே போகவில்லை.

இன்று காலை பாட்டிலை எடுத்துவிட்டேன். இதைவிட நல்ல மாத்திரை வந்திருக்கிறது, இனி எரியாது என்று அவரிடம் சொன்னேன். கொடுத்திருப்பது அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை, அது ஆன்டிபயாடிக்கோடு மோதாது. ஆறு மணிக்குப் பாலும் கொடுக்கவில்லை, வெறும் தண்ணீர்தான்.

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு ஐந்து நாள் இருக்கிறது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் புண்ணைப் பார்த்து அவரே தள்ளிப்போடுவார். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகள் பாதி எங்கள் கடைக்குத்தான் வருகின்றன. வீணாக ஏன் பேச்சு.

ஜூலை 6, வியாழன்

காய்ச்சல் 99.2. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 7, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு, நான் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் ஸ்டூல் விழுந்த சத்தம். ஓடிப்போனேன். கட்டிலோரமாகச் சரிந்து கிடந்தார். உடம்பு முழுக்க வேர்வை, கை நடுக்கம். என்னைப் பார்த்து ஜாஸ்லின் என்றார். சுகர் 46.

குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து மடியில் சாய்த்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 81. பிறகு இரண்டு இட்லி. அவர் மடியில் தலைவைத்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போது நினைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த ஆன்டிபயாடிக் ரத்தத்தில் சேர்ந்தால், அவர் சாப்பிடும் சுகர் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். மூன்று வாரமாகச் சேரவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரண்டு நாளாகச் சேர்கிறது. நான் சத்தமில்லாமல் ஒரு தவறைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கூட்டிவிட்டேன். டாக்டரிடம் சொல்லியிருந்தால் சுகர் மாத்திரையைக் குறைத்திருப்பார்.

தெளிந்ததும் அவர் கேட்டார், எப்போதும்போலத்தானே சாப்பிட்டேன், ஏன் இறங்கியது என்று. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"அந்த ரோஸ் மருந்தை மாத்திரையோட சேத்துக் குடிச்சியள்லா, அதுதான். அது மாத்திரைய ரத்தத்துல சேரவிடாது. மூணு வாரமா ஒங்களுக்கு மருந்தே போகல."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். படிச்ச காலத்துலேருந்து தெரியும்."

"அப்ப மறந்திட்ட."

"மறக்கல. நெனைக்கவே இல்ல."

"நான் கேட்டேன் ஒன்ட்ட. மாத்திரையோட குடிக்கவா, பொறவு குடிக்கவான்னு. நீ பஸ்ஸப் பாத்துப் போயிட்ட."

ஆமாம் என்றேன். பிறகு அவர் சொன்னது:

"காலு போயிட்டா நான் எங்கயும் போக முடியாதுன்னு நெனச்சியோ?"

குரலைக்கூட உயர்த்தவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, இறக்கிவைக்கப் போனேன்.

ஜூலை 8, சனி

டாக்டரைப் பார்க்க எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். நோயாளி வரவில்லையா என்றார். இல்லை, நான்தான் பேச வேண்டும் என்றேன். ஜெல், மூன்று பாட்டில், தேதி, நேற்றைய சுகர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க பார்மசிஸ்ட்தானேம்மா?"

"ஆமா டாக்டர்."

எழுந்து வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறாரான்னு கேட்டேன். வேற என்ன சாப்பிடுறார்னு நானும் கேக்கல. மருந்து தோத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் முன்பாதம் வரைக்கும் எடுக்க எழுதினேன். மருந்து போகவே இல்லன்னா கணக்கே வேற."

பத்தாம் தேதி ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். இரண்டு வாரம் தருகிறார். வயிற்றைக் கெடுத்த வலி மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு எழுதினார். சுகர் மாத்திரை பாதி. சுகர் தினம் நான்கு முறை பார்க்க வேண்டும். மாத்திரை நேரத்தில் பால், தயிர், சத்து மாத்திரை எதுவும் கூடாது. ஆறு வாரக் கணக்கு இன்றிலிருந்து புதிதாக ஆரம்பம். காய்ச்சல் நூறைத் தாண்டினால் அன்றைக்கே கத்தி என்றார். அரித்த எலும்பு திரும்ப வளராது, அதனால் ஒன்றுமே எடுக்காமல் முடியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்.

கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் நானே சொல்லிவிட்டேன். யாரோ சொல்லித் தெரிவதைவிட இது மேல். மருந்து எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நிற்காமல் கொஞ்ச நாள் உள்ளே ஸ்டாக் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டா சரியாயிருமாம்மா? நில்லு" என்றார்.

ஜூலை 9, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீருமாகப் போனேன். அவர் கையை நீட்டவில்லை. டப்பாவை இங்கே வைத்துவிடு என்றார். சீட்டைக் கேட்டு வாங்கி, தானே படித்து, தானே எண்ணிப் போட்டுக்கொண்டார்.

காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறார். 6, 8, 12, 6, 8. எதற்கு எது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. எழுத்து கோணல், ஆனால் ஒரு தவறில்லை.

ஜூலை 11, செவ்வாய்

காய்ச்சல் 99. சுகர் 112, 140, 131, 150. அவரே குத்திப் பார்த்து எண்ணை மட்டும் சொல்கிறார். நான் எழுதுகிறேன்.

ஜூலை 12, புதன்

கடையில் வருகிற எல்லோரிடமும் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். சும்மா ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு வந்தவரையும் கேட்டுவிட்டேன். மாலையில் வரிசை சாலைவரை நின்றது. பின்னால் நின்ற ஒருவர், இது கடையா போலீஸ் ஸ்டேஷனா என்றார். அண்ணாச்சி நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டார்.

வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

ஜூலை 14, வெள்ளி

காய்ச்சல் இல்லை. 98.4. இரண்டு முறை பார்த்தேன்.

ஜூலை 17, திங்கள்

நர்ஸ் கட்டைப் பிரித்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டேன். நாற்றம் இல்லை. ஓரங்களில் சிவப்பாகப் புதுச்சதை. மூன்றாம் விரலின் கறுப்பு தோலாக உரிந்து வந்தது, கீழே நல்ல நிறம். இரண்டாம் விரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவரும் குனிந்து பார்த்தார். மருந்து உள்ளே போகிறதுபோல என்றார். நர்ஸிடம்தான் சொன்னார்.

ஜூலை 18, செவ்வாய்

ஜாஸ்லினிடம் ஜெல்லைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சண்டை போட்டாள். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். ஜெல் விஷயத்தையும் அவர் சொல்லப்போகிறார் என்று வாசலில் போய் நின்றேன். அவர் சொன்னது காதில் விழுந்தது: "மருந்து கொஞ்சம் லேட்டா பிடிச்சிது மக்கா. வேற ஒண்ணுமில்ல."

ஜூலை 22, சனி

ரத்தப் பரிசோதனையில் பாதிக்குப் பாதி இறங்கியிருக்கிறது. பாதத்து எலும்பிலிருந்த நிழல் பரவவில்லை. டாக்டர் இன்று உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். இரண்டாம் விரலின் எலும்பு செத்துவிட்டது, அதை எடுக்கத்தான் வேண்டும். மற்றதைத் தொட வேண்டாம். திங்கள்கிழமை.

அந்த மூன்று வாரம் மருந்து போயிருந்தால் இந்த விரலும் தப்பியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். எனக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 23, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு மணி மாத்திரை நேரத்தில் டப்பா என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரைமணி இருந்தது. அவர் சாப்பிட ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கையில் வேலை இருந்ததால் கேட்க முடிந்தது.

"மங்களூர்ல யாரு?"

உடனே சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக நான் கேட்பதற்காகத்தான் வைத்திருந்ததுபோல. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மெஸ் நடத்திய பெண். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். பெயர் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. மெஸ்ஸுக்கு மேல் மாடியில் அவர் அறை. நான்கு மாதம்.

"இப்ப?"

"முடிஞ்சிட்டு."

"யாரு முடிச்சது?"

தலையணை உறையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டார். நான்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

"அவதான்" என்றார். "ஒனக்குப் பொண்டாட்டி இருக்கா, பிள்ள இருக்கு, போன்னு சொல்லிட்டா. நானா வரல, செலினு."

ஆரஞ்சு நல்ல இனிப்பு. விதையில்லாத ரகம். அவருக்குப் பாதி கொடுத்தேன்.

அன்று நீங்கள் கேட்டதற்குப் பதில் என்று ஆரம்பித்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். இல்லை, சொல்கிறேன் என்றேன். "கால் போகணும்னு நெனைக்கல. ஆனா ஒங்களுக்கு என்ன ஆகுதுன்னு திரும்பிப் பாக்கவும் எனக்கு மனசில்ல. அதுதான் உண்மை."

அவர் தலையாட்டினார். மணி அடித்துவிட்டார்கள்.

ஜூலை 24, திங்கள்

ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள், பத்தரைக்கு வெளியே வந்தார். வராந்தாவில் எத்தனை தூண், எத்தனை ஓடு என்று எனக்கு இப்போது மனப்பாடம். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி என்பதால் விழித்தே இருந்தார்.

"எத்தன?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டேன். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள், துடைக்காமல் நிற்க முடியாது.

ஜூலை 26, புதன்

மாதா கோயில் கொடியேற்றம். வெடிச்சத்தம் ஆஸ்பத்திரிவரை கேட்டது. வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நன்றாகத் தூங்கினார். இரண்டு மாதத்தில் பகலில் இப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

திருவிழா. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். அவரும் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னார், கியர்பாக்ஸ் மூடி விழுந்தது என்று. அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அக்கா வந்திருந்தாள். சமையற்கட்டில் வைத்து, கால் சரியானதும் வந்துவிடு, அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன் என்றாள். மங்களூர் விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் தட்டில் மீன் வைக்க மறுத்துவிட்டாள். நான்தான் வைத்தேன்.

ஆகஸ்ட் 12, சனி

தையல் பிரித்தாயிற்று. முன்பக்கம் மெத்தை வைத்த செருப்பு அளவெடுத்திருக்கிறார்கள். முன்னறைக்கும் உள்ளறைக்கும் இருபது நடை நடந்தார். பிறகு யாரும் சொல்லாமல் இன்னும் இருபது.

நேற்று மழை. முன்னறையில் சாரல் அடிக்கிறது என்று அவர் கட்டிலை உள்ளறைக்குள் இழுத்துப் போட்டேன். இன்று மழை இல்லை. கட்டிலைத் திரும்ப இழுக்க நேரமில்லை.

ஆகஸ்ட் 19, சனி

மாலை ஆறு மணிக்குக் கடைசி மாத்திரை. டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இனி இந்த டைரியை எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தேன். மேலே இருந்த சேலைகளில் புழுக்க வாடை. வெயிலில் போட்டேன். அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்று முதல் நாளாக வேலைக்குப் போனார். ஒரே ஒரு இன்ஜின்தான், நான்கு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். எனக்கு இன்று கடைக்கு விடுமுறை. நான்கரைக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஐந்து மணிக்கும் எடுக்கவில்லை. மெக்கானிக்குக்குக் கையெல்லாம் எண்ணெய், எடுக்கமாட்டார்தான். ஆனால் காலையில் போட்ட காலுறை இந்நேரம் நனைந்திருக்கும். ஈரத்தோடு இருந்தால் பழையபடி ஆகிவிடும். காய்ந்த காலுறை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. மூன்றாவது படகில் இருப்பதாகச் சொன்னார்கள். பலகை வழியாக ஏறிப்போய், இன்ஜின் இருக்கும் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். தலைகீழாகக் குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாயை மடித்துப் போட்டு, அதன்மேல் வலது காலைத் தூக்கி வைத்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். "என்ன?"

"காலுறை" என்றேன்.

"பத்து நிமிசம்" என்றார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. வலைக்குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் ஒருவர் தேநீர் கொடுத்தார். இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது படகு முழுக்க அதிர்ந்தது, என் பல்கூட அதிர்ந்தது. அவர் குழிக்குள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மேலே ஏறிவந்து, ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, ஈரக் காலுறையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டார். நான்கு விரல்களும் நல்ல நிறம். தழும்பு உலர்ந்திருக்கிறது. மறுபடி கீழே போய்ச் சாமான்களை எடுத்துவைத்துவிட்டு வருகிறேன், நில் என்றார்.

அந்த நேரம் அக்கா கூப்பிட்டாள். இரண்டு முறை. என் கை முழுக்க அவர் கைக் கிரீஸ், எடுக்க முடியவில்லை.